இரண்டு குப்பங்களுக்கு நடுவே சண்டை நிறுத்தம்: முதல் போன் முதல் கொடிக்கம்பு மாற்றும் நாள் வரை

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். தண்ணீருக்குள் எல்லைக்கல் கிடையாது. காற்று திரும்பினால் தென்கரையான் வலை வடகரையான் இடத்தில் போய் நிற்கும். தடா, சூளூர்பேட்டைப் பக்கத்துக் குப்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள்தான் ஒருவர் படகை ஒருவர் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்கின்றன.

இந்தச் சண்டைகளை நிறுத்த நடக்கும் பேச்சுகளில் என் வேலை எழுதுவது. இரண்டு மொழியும் தெரியும் என்பதால் நோட்டை என் கையில் கொடுத்துவிடுவார்கள். ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு யார் எங்கே சறுக்கினார்கள் என்பது பேசுகிறவர்களைவிட நன்றாகத் தெரியும். புதிதாக வரும் வார்டு உறுப்பினர், தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள், படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: “யார் மேல தப்பு?” அது கடைசிப் படி. அதை முதல் படியாக வைத்த எந்தப் பேச்சும் மதியச் சாப்பாடு வரை நின்று நான் பார்த்ததில்லை.

கீழே இருப்பது நாங்கள் செய்து செய்து கண்ட வரிசை. நாடுகளுக்கு நடுவே நடந்தவற்றையும் ஆங்காங்கே எடுத்துச் சொல்கிறேன். அங்கே பீரங்கி, இங்கே துடுப்பு. ஆனால் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பட்டியல். எந்தக் கரையில் யாருடைய படகு, எத்தனை வலை, எந்த எஞ்சின் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது? யாருக்குக் காயம், எந்த ஆஸ்பத்திரியில்? எந்த ஸ்டேஷனில் என்ன எண்ணில் வழக்கு? இரண்டு மாநிலத்திலும் வழக்கு இருக்கும். ஒரு பக்கத்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கத்து ஆளாகவே உங்களைப் பார்ப்பார்கள்.

அடுத்தது, யார் சொன்னால் படகு திரும்பும் என்று விசாரித்து வையுங்கள். நாட்டார், அதாவது ஊர்த் தலைவர்கள், கையெழுத்துப் போடுவார்கள், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எஞ்சினை முடுக்குகிற பையன் நாட்டாரைக் கேட்டுவிட்டா முடுக்குகிறான்? முன்பணம் கொடுத்திருக்கும் இறால் வியாபாரி ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிற்பான். ஒவ்வொரு கரையிலும் இப்படி மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்குத் தெரியாமல் கூட்டம் நடக்கக் கூடாது.

மீன் விற்கப் போகும் பெண்களிடம் கட்டாயம் பேசுங்கள். சண்டை வந்த மறுநாளே எதிர்க்கரைச் சந்தையில் கூடை இறக்க முடியாமல் நிற்பது அவர்கள்தான். எந்த வீட்டில் இன்னும் சூடு ஆறவில்லை, எவன் சும்மா வாய்வீச்சு வீசுகிறான் என்பதை ஆண்களைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

வருவாய்த் துறை வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். அதில் கரையில் உள்ள சர்வே எண்கள் இருக்கும். தண்ணீருக்குள் யார் எங்கே வலை போட்டார்கள் என்பது இருக்காது. அதற்குப் போனில் உள்ள ஜிபிஎஸ் போதும். இரண்டு கரையிலிருந்தும் ஆளுக்கொரு பெரியவரைப் படகில் ஏற்றி, “உங்க இடம் எதுவரை?” என்று கேட்டு அந்தந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சொல்வது எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதோ, அவ்வளவுதான் சண்டை நடக்கும் இடம். பல முறை அது எல்லோரும் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

கட்சிக்காரர் காரில் போய் இறங்காதீர்கள். பஸ்ஸில் போனாலும் மரியாதை குறையாது.

2. முதலில் மூன்று நாள்

முதல் பேச்சில் நிரந்தரச் சமாதானம் கேட்காதீர்கள், 72 மணி நேரம் கேளுங்கள். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்ல வெட்கப்படுவார்கள். மூன்று நாள் நிறுத்தியதால் எந்தப் பக்கமும் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

“ஏரியில் யாருமே இறங்கக் கூடாது” என்று சொல்லிவிடாதீர்கள். அன்றாடம் பிடித்தால்தான் அடுப்பு எரியும் வீடுகள் அவை. இரண்டாம் நாள் பசியால் இறங்கியவன் மீறியவன் ஆகிவிடுவான். சண்டை நடக்கும் அந்தத் துண்டு இடத்தை மட்டும் மூடுங்கள். மற்றபடி அவரவர் கரையோரம் அவரவர் பிடிக்கட்டும்.

தொடங்கும் நேரத்தை மணிக்கணக்கில் சொல்லுங்கள். ஒரு முறை “இன்று இரவு முதல்” என்று எழுதிவிட்டோம். சாயங்காலமே போட்ட வலைகள் தண்ணீரில் கிடந்தன. விடியற்காலையில் எடுக்கப் போனவர்களைப் பார்த்து எதிர்க்கரை “பார், மீறிவிட்டான்” என்று கிளம்பியது. ஆறு மணி நேரம்கூட நிற்கவில்லை. இப்போதெல்லாம் காலை 10 மணி என்று எழுதுகிறேன். அதற்குள் வலை எல்லாம் கரை ஏறியிருக்கும்.

கொரியாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குக் கையெழுத்தானது. சண்டை நின்றது இரவு 10 மணிக்கு. நடுவில் அந்த 12 மணி நேரம், முன்வரிசையில் இருப்பவன் வரை உத்தரவு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நமக்கும் அந்த இடைவெளி வேண்டும். போன் எடுக்காத நாலு பேர் எப்போதும் ஏரிக்குள் இருப்பார்கள்.

3. தனித்தனியாக உட்காருங்கள்

இரண்டு ஊரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்துவிட்டால் முடிந்துவிடும் என்பது புதியவர்களின் ஆசை. முதல் நாளே அப்படிச் செய்தால் ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவனுக்காகப் பேச மாட்டார், பின்னால் நிற்கும் தன் ஊர்க்காரனுக்காகப் பேசுவார். குரல் ஏறும். ஏறிய குரலை இறக்க யாருக்கும் வழி தெரியாது.

இரண்டு மூன்று நாள் நீங்கள்தான் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடக்க வேண்டும். சம்பந்தி முறை உள்ள ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும்போது வாசலில் வைத்து யாரும் ஏச மாட்டார்கள், காபி கொடுத்தாக வேண்டும். அந்தக் காபி நேரம்தான் உங்கள் நேரம்.

மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எது நிற்க வேண்டும்? எதை நீங்கள் விடவே முடியாது? உங்கள் ஊருக்காக யார் கையெழுத்துப் போடுவார்? நடுவில் யாராவது பழைய கதையை எடுப்பார். தடுக்காதீர்கள், வாதாடாதீர்கள். நான் சொல்வது இதுதான்: “எழுதிக்கிட்டேன் அண்ணே. அதுக்குன்னு ஒரு நாள் வச்சிருக்கு, அன்னைக்கு மொதல் ஆளா நீங்கதான் பேசணும்.” நோட்டில் தனிப் பக்கத்தில் உண்மையிலேயே எழுதவும் வேண்டும். எழுதுவதுபோல் நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டு பக்கமும் சேர்ந்து உட்காரும் நாளில் இடம் மூன்றாவது ஊரில் இருக்கட்டும். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எதுவானாலும் சரி. ஒரு ஊர்க் கோயில் வாசல் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனும் வேண்டாம். அங்கே ஒத்துக்கொண்டதை வெளியே வந்ததும் “அடிச்சு வாங்குன கையெழுத்து” என்பார்கள்.

4. கோடு போடுவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எதில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

முதல் வேலை, இந்தக் கோடு என்ன கோடு என்பதை எழுதுவது. “இது உரிமைக் கோடு இல்லை. மாநில எல்லையும் இல்லை. சண்டை நிற்பதற்காக இரு தரப்பும் இப்போதைக்குத் தாண்டாமல் இருக்கும் கோடு. இதை ஒத்துக்கொண்டதால் எந்தத் தரப்பின் உரிமையும் போகாது.” இந்த நாலு வரி இல்லாமல் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார். போட்டாலும் வீட்டுக்குப் போனதும் மகன் கேட்பான், “ஏரியை எழுதிக் குடுத்துட்டு வந்தியா?” 1972இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட சிம்லா ஒப்பந்தத்திலும் காஷ்மீர்க் கட்டுப்பாட்டுக் கோட்டை மதிக்க வேண்டும் என்று சொன்ன இடத்திலேயே, அது எந்த நாட்டின் நிலைப்பாட்டையும் பாதிக்காது என்று சேர்த்துத்தான் எழுதினார்கள்.

இரண்டாவது, கோட்டைக் கடைசி வரை இழுங்கள். 1949இல் கராச்சியில் காஷ்மீர்ப் போர்நிறுத்தக் கோட்டை வரைந்தவர்கள் என்ஜே 9842 என்ற புள்ளியோடு நிறுத்திவிட்டு, அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை என்று மட்டும் எழுதினார்கள். யாரும் வசிக்காத பனிமலைக்கு எதற்குக் கோடு என்று நினைத்திருக்கலாம். 1984இல் அந்த எழுதாத இடத்தில்தான், சியாச்சினில், இரண்டு படைகளும் ஏறி நின்றன. நம் ஏரியில் அந்தப் பனிமலை எது தெரியுமா? கோடையில் தண்ணீர் வற்றி மேலே வரும் மணல்திட்டு. மழைக்காலத்தில் கோடு போடும்போது அது கண்ணுக்கே தெரியாது. மே மாதத்தில் அதைச் சுற்றித்தான் நண்டு கிடைக்கும். முகத்துவாரமும் அப்படித்தான், மணல் அடைத்து வாய் நகரும். “முகத்துவாரம் வரை” என்று எழுதினால், எந்த வருஷத்து முகத்துவாரம்? ஜிபிஎஸ் எண் எழுதுங்கள்.

மூன்றாவது, கோடு ஒரு கயிறு மாதிரி இருக்கக் கூடாது, பாய் மாதிரி அகலமாக இருக்க வேண்டும். கொரியாவில் கோட்டுக்கு இந்தப் பக்கம் 2 கிலோமீட்டர், அந்தப் பக்கம் 2 கிலோமீட்டர் படை இல்லாமல் விட்டார்கள். நமக்கு அவ்வளவு ஏரி இல்லை. நாங்கள் பக்கத்துக்கு 50 பாகம் விடுகிறோம். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். வலை இழுபடும், படகு சாயும், கிழவருக்குக் கண் மங்கலாக இருக்கும். அதற்கெல்லாம் அந்த நூறு பாகம் இடம் கொடுக்கும். அதற்குள் யாரும் வலை போடக் கூடாது, தாண்டிப் போகலாம்.

நான்காவது, கண்ணுக்குத் தெரிய வேண்டும். சவுக்குக் கம்பு நட்டுக் கொடி கட்டுங்கள். கம்பு நடும் படகில் இரண்டு கரை ஆளும் இருக்க வேண்டும். ஒரு தரப்பு மட்டும் போய் நட்ட கம்பு மறுநாள் காலையில் இருக்காது. ராத்திரிக்குக் கொடி உதவாது. லாரியின் பின்னால் ஒட்டும் மின்னும் பட்டையைச் சுற்றினால் டார்ச் அடித்ததும் தெரியும். கொடிக்குக் கட்சி நிறம் எதுவும் வேண்டாம். இதைச் சிரிப்பாக நினைக்காதீர்கள், ஒரு முழு மதியம் இதில் போயிருக்கிறது. கடைசியில் உரச்சாக்கைக் கிழித்துக் கட்டினோம்.

5. காகிதம்

ஒரே பக்கம், இரண்டு மொழி. இரண்டையும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். “இரு தரப்பும் நல்லிணக்கம் பேண வேண்டும்” போன்ற வரி ஒன்றுகூட வேண்டாம். அதை மீறினான் என்று யாரையும் பிடிக்க முடியாது. செயலை எழுதுங்கள்: கொடிக்கு அந்தப் பக்கம் வலை போடக் கூடாது, அடுத்தவர் வலையை அறுக்கக் கூடாது, படகைப் பிடித்து வைக்கக் கூடாது, சந்தையில் கூடையைத் தடுக்கக் கூடாது, அடிதடி வீடியோவை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. கடைசியில் சொன்னதைப் பத்து வருஷத்துக்கு முன் எழுத வேண்டியிருந்ததில்லை. இப்போது அதுதான் முதலில் தீப்பிடிக்கிறது.

விதிவிலக்கையும் எழுதுங்கள். எஞ்சின் நின்று மிதந்து போனவன், புயலுக்கு ஒதுங்கியவன், தண்ணீரில் விழுந்தவனைத் தூக்கப் போனவன் மீறியவன் இல்லை. சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டித் தூக்கினால் அவனை விட வேண்டும்.

மொழியில் கவனம். நமக்குப் ‘பாடு’ என்றால் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்ளும் மீன்பிடி இடம், அந்த முறையின் பெயரும் அதுவே. தெலுங்கில் ‘பாடு’ என்றால் கெட்டுப்போனது. ஏரிக்காரர்களுக்கு இரண்டும் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி எங்கள் காகிதத்தைப் படித்துவிட்டு, ஏரி ஏன் பாழாயிற்று என்று கேட்டார். அதிலிருந்து அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு மொழியிலும் ஒரு வரி விளக்கம் எழுதிவிடுகிறேன்.

விலகும் வழியையும் எழுதுங்கள். “எழுதும்போதே பிரிவைப் பத்திப் பேசுறதா, அபசகுனம்” என்பார்கள் பெரியவர்கள். விளக்கிச் சொல்லுங்கள். இலங்கையில் அரசும் விடுதலைப் புலிகளும் போட்ட 2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தத்தில், விலக நினைக்கும் தரப்பு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று இருந்தது. 2008 ஜனவரியில் அரசு அறிவிப்புக் கொடுத்து, அந்த மாதம் 16ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. அந்த விதி சமாதானத்தைக் காப்பாற்றவில்லை, உண்மைதான். அந்த மாதிரி ஒரு விதி நமக்குச் செய்யும் வேலை சின்னது: கோபத்தில் கிளம்புகிறவன் அன்றைக்கே கிளம்ப முடியாது. தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளைக் கரைக்கு அழைக்க அவகாசம் இருக்கும். நாங்கள் 7 நாள் வைக்கிறோம். அந்த 7 நாளில் பாதிப் பேர் மனசு மாறிவிடுகிறார்கள்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய விரும்பினால் செய்யட்டும். கையெழுத்துக்குப் பதிலாக அல்ல, கையெழுத்துக்குப் பிறகு.

6. காவல் படகு

இரண்டு கரையிலிருந்தும் இரண்டிரண்டு பேர், மூன்றாவது ஊரிலிருந்து ஒருவர். ஐந்து பேரும் ஒரே படகில் போக வேண்டும். இரண்டு படகாகப் போனால் இரண்டு கதை வரும்.

அவர்கள் வேலை மூன்று: பார்ப்பது, எழுதுவது, சொல்வது. பிடிப்பது அவர்கள் வேலை இல்லை. இளவட்டங்களுக்கு இது புரியவே புரியாது. கையில் நோட்டு இருந்தால் பிடிக்க வேண்டும் என்று தோன்றிவிடும். ஒருவன் வலையை இவர்கள் தூக்கிய அந்த நிமிஷமே காவல் படகும் சண்டையில் ஒரு தரப்பு ஆகிவிடுகிறது.

ஆளை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சம்மதம் இடையில் போனால் உடனே மாற்ற வேண்டும். இலங்கைக் கண்காணிப்புக் குழுவில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஐந்து நாட்டாரும் இருந்தார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தில் இருக்கும் மூன்று நாட்டவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு மிஞ்சியவர்களை வைத்து முன்போலப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு காவல் ஆளுக்கும் ஒரு மாற்று ஆளின் பெயரை முதல் நாளே எழுதி வையுங்கள்.

டீசலும் கூலியும் பொது நிதியிலிருந்து, இரண்டு ஊரும் சரிபாதி. ஒரு ஊர் மட்டும் டீசல் போட்டால் அது அந்த ஊர்ப் படகு. சும்மா செய்கிறோம் என்று வருபவர்களை நான் எடுப்பதில்லை. பத்தாம் நாள் அவர்கள் வர மாட்டார்கள்.

இதோடு இரண்டு போன் எண். கரைக்கு ஒருவர், அவரிடம் மட்டும் பேச வேண்டும். இந்தியா, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை அலுவலகங்களுக்கு நடுவே நேரடித் தொலைபேசி இருக்கிறது, செவ்வாய்க்கிழமைதோறும் பேசும் வழக்கமும் உண்டு. 2021 பிப்ரவரியில் எல்லையில் சுடுவதை நிறுத்துவதாக வந்த கூட்டறிக்கையும் அந்த வழியாகத்தான் வந்தது. நாங்களும் செவ்வாய்க்கிழமையே வைத்தோம். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பேச வேண்டும். “என்ன அண்ணே, மழையா?” “இல்ல, சும்மா தூறல்.” அவ்வளவு போதும். நல்ல நாளில் பேசிப் பழகாதவன் கெட்ட நாளில் அந்த எண்ணை அழைக்க மாட்டான்.

7. முதல் மீறல்

அது வரும். என் நோட்டுகளில் பத்து நாளைத் தாண்டி வராமல் இருந்ததே இல்லை. அது வந்தால் என்ன செய்வது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தால் அது ஒரு சம்பவம். எழுதாவிட்டால் அது மறுபடி சண்டை.

எங்கள் வரிசை இது. ஒரு மணி நேரத்துக்குள் போன். அன்று பொழுது சாய்வதற்குள் காவல் படகு போய் இடத்தைப் பார்த்து எழுதும். மறுநாள் இதே நேரத்துக்குள் இரண்டு பக்கமும் தலா மூன்று பேர் உட்கார வேண்டும். அதுவரை எந்தப் பக்கமும் பதிலுக்கு எதுவும் செய்யக் கூடாது. பதிலடி கொடுத்துவிட்டு முறையிட வந்தால், இரண்டும் மீறலாகவே எழுதப்படும்.

தண்டிப்பது யார்? இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ ஒப்பந்தம் உடைந்திருக்கிறது. அவரவர் ஆளை அவரவர் ஊரே தண்டிக்க வேண்டும். தென்கரைப் பையனை வடகரை தண்டித்தால் அவன் தென்கரையில் வீரன். தன் ஊர் நாட்டாரே கூப்பிட்டு அபராதம் போட்டால் அவன் வெறும் தப்புச் செய்தவன். அபராதப் பணம் எதிர்க்கரைக்குப் போகக் கூடாது, பொது நிதிக்குப் போகட்டும். காவல் படகு டீசலுக்கு ஆகும். எதிர்க்கரைக்குப் போனால் அதற்காகவே புகார் வர ஆரம்பிக்கும். வலையைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தால் மூன்றாவது ஊரில் வையுங்கள்.

இரண்டு எல்லைகளை மீறாதீர்கள். ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது, அடிப்பது வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், ஒதுக்கப்பட்டவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை என்பது இன்னொரு பக்கம். அவன்தான் அடுத்த கலவரத்தின் முதல் ஆள். அதேபோல் வெட்டுக்காயம், உயிர்ச்சேதம், பெண்கள் மேல் கை வைத்தது ஆகிய எதுவும் ஊர்ப் பேச்சில் முடிக்கும் விஷயம் இல்லை. அவை போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியவை. “பேசி முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர் தன் ஆளைத் தண்டிக்கவில்லை என்றால் அடுத்த படி கோட்டாட்சியர்.

8. அரசாங்கத்தின் கை

ஊர்க் காகிதத்துக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அதற்கு முட்டுக்கொடுக்கச் சட்டத்தில் சில கம்புகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஊரில் இன்னும் “நூத்தி ஏழு போட்டாங்க” என்றுதான் சொல்வார்கள், காகிதத்தில் புது எண் எழுதுங்கள்.

பழைய 107 இப்போது 126. அமைதி காப்பேன் என்று ஓராண்டுக்கு மிகாமல் பிணைப் பத்திரம் வாங்கலாம். பழைய 144 இப்போது 163; தடை உத்தரவு, சாதாரணமாக இரண்டு மாதம். பழைய 145தான் நமக்கு முக்கியம், இப்போது 164. நிலம், நீர் பற்றிய தகராறால் அமைதி கெடும் என்றால், யாருக்கு உரிமை என்பதற்குள் போகாமல், யார் கையில் இருந்தது என்று மட்டும் பார்த்து உத்தரவு போடலாம். அந்தப் பிரிவு மீன்பிடி இடங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

சிக்கல் என்னவென்றால், பொன்னேரிக் கோட்டாட்சியர் உத்தரவு ஆந்திரத் தண்ணீரில் செல்லாது, சூளூர்பேட்டைக் கோட்டாட்சியர் உத்தரவு இங்கே செல்லாது. ஒரு பக்கம் மட்டும் உத்தரவு வந்தால், கட்டுப்பட்டவன் கரையில் நிற்பான், கட்டுப்படாதவன் மீன் பிடிப்பான். இரண்டு அலுவலகத்திலும் ஒரே நாளில், ஒரே ஜிபிஎஸ் எண்ணோடு மனு கொடுங்கள்.

“வழக்கை எல்லாம் வாபஸ் வாங்கிடலாம்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். சாதாரணக் காயம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம். கலவர வழக்கை அப்படி முடிக்க முடியாது. அதை ரத்து செய்யக் கேட்க வேண்டிய இடம் உயர் நீதிமன்றம், அதிலும் இந்தக் கரைக்குச் சென்னை, அந்தக் கரைக்கு அமராவதி. வக்கீலிடம் ஒவ்வொரு எண்ணையும் காட்டி, எது முடியும் எது முடியாது என்று இரண்டு பட்டியலாக எழுதி வாங்கி வந்து, முடியாததை முதலில் படித்துக் காட்டுங்கள்.

9. பிடித்த படகைத் திருப்பித் தருவது

நல்லெண்ணத்துக்காக ஒரு பக்கம் முதலில் எல்லாவற்றையும் கொடுத்துவிடட்டும் என்று யாராவது சொல்வார். கொடுத்தவனிடம் அப்புறம் பிடி எதுவும் இருக்காது, மற்றவனுக்கு அவசரமும் இருக்காது.

பிரித்துப் பிரித்து, ஒரே நேரத்தில் கொடுங்கள். இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் 2005 ஆகஸ்ட் ஒப்பந்தப்படி போராளிகள் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஒரே நாளில் கொடுக்கவில்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஈடாக இந்தோனேசியப் படையும் ஒரு பகுதி விலகியது. நாங்கள் திங்கட்கிழமை இரண்டு படகு, வியாழக்கிழமை இரண்டு படகு என்று வைக்கிறோம். இரண்டு கரையிலும் ஒரே மணிக்கு. அவிழ்க்கும் முன் எஞ்சினை முடுக்கிக் காட்டி வீடியோ எடுங்கள். கார்புரேட்டர் காணாமல் போனது படகு போனதைவிடப் பெரிய சண்டை ஆகும்.

10. இப்போது, யார் மேல் தப்பு

ஒப்பந்தம் போடும்போதே இதற்கான தேதியைக் குறித்துவிடுங்கள். தேதி இல்லாவிட்டால் தற்காலிகக் கோடு நிரந்தரக் கோடாகிவிடும், நஷ்டப்பட்ட பக்கம் அதைப் பிடுங்கி எறியும். 60 நாளுக்குள் என்பது எங்கள் கணக்கு. ஏப்ரல் 15க்கு முன் முடிந்துவிட்டால் நல்லது. அன்று முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் விசைப்படகுத் தடை. சென்னை காசிமேட்டுத் துறைமுகத்துக்கு விசைப்படகு வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பி ஏரியில் இறங்குவார்கள். அந்த நேரத்தில் பங்கு பேச முடியாது.

3ஆம் படியில் தனிப் பக்கத்தில் எழுதிய பழைய கதைகளை எடுத்து, சொன்னபடி அந்த அண்ணனையே முதலில் பேச விடுங்கள். அதற்குள் இரண்டு மாதம் வலை போட்டு நாலு காசு பார்த்திருப்பார்கள், குரல் தானாக இறங்கியிருக்கும். பங்குக்கு வழி பல: நாள் முறை, சீட்டுக் குலுக்கல், வலை வகையைப் பிரிப்பது. எது என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஏரி தெரிந்தவர்கள் அவர்கள்.

11. நீட்டிப்பதும் பராமரிப்பும்

முதலில் 30 நாள், பிறகு 90, பிறகு ஓராண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு ஊரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தானாக நீளும் என்று எழுதினால் ஆறாம் மாதம் காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஆபத்தான நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். மழைக்குப் பின் இறால் ஏறும் வாரம், முகத்துவாரம் அடைபடும் காலம், ஆடித் திருவிழா, தேர்தல். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடல் பக்கம் போகக் கூடாது என்பார்கள், எல்லோரும் ஏரிக்குள் நெருக்கியடிப்பார்கள். அந்த நாட்களில் காவல் படகு இரண்டு நடை போக வேண்டும்.

கொடிக்கம்பில் ஆறு மாதத்தில் சிப்பி ஏறி அடி இற்றுவிடும். மாற்றப் போகும்போது பழைய கம்பைப் பிடுங்கும் முன் புதியதைப் பக்கத்தில் நடுங்கள். கம்பே இல்லாத அரை மணி நேரத்தில் ஒருவர் வலை போட்டு, அதற்கு ஒரு வாரம் உட்கார வேண்டியிருந்தது. கம்பு வெட்டும் செலவு ஒரு முறை தென்கரை, ஒரு முறை வடகரை. இந்த ஆடிக்கு வடகரை முறை.